மைக்செட் மூச்சை இழுக்கிறார்

பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஊதுகிறார் மைக்செட். கன்னம் இரண்டும் உப்பி, கழுத்து நரம்பு கயிறு போலப் புடைத்து நிற்கிறது. ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கிடக்கும் மூன்று பந்துகளும் துள்ளி எழுகின்றன. கட்டிலைச் சுற்றி நிற்கிற குடும்பம் கை தட்டுகிறது. குழாயை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்கிறார்: "பாத்தியா? மூணும் ஏறிடுச்சு. எனக்கா நுரையீரல் கெட்டுப்போச்சு?" அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

மொத்த மீன் சந்தையில் ஏலம் விடுகிறவர். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல் ரப்பர் பூட்ஸோடு ஏறி நின்று, ஒரு கையைக் காதுக்குப் பின்னால் மடித்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தார் என்றால், ஒரு கூடை விற்று முடியும்வரை நிறுத்த மாட்டார். எங்கே மூச்சு வாங்குகிறார் என்று கண்டுபிடிக்கப் பலபேர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். யாருக்கும் பிடிபடவில்லை. "மூச்சு வாங்குற நேரத்துல ஒருத்தன் மனசு மாறிடுவான். அந்த இடைவெளிய அவனுக்குக் கொடுக்கக் கூடாது" என்பார்.

மைக்செட் என்று பட்டப்பெயர் வைத்தவர்கள் சுமைதூக்கும் தோழர்கள். சங்கத்து ஊர்வலத்தில் ஒலிபெருக்கி வண்டி பாதி வழியில் படுத்துவிட்டது. இவர் பாட்டுக்கு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், உள்ளே வந்து முழக்கத்தை எடுத்துக் கொடுத்தார். கடைசி வரிசைக்கும் கேட்டது. சங்கத்துக்கு முழக்கம் எழுதுவது என் வேலை; நான் எழுதிக் கொடுத்ததில் பாதியை மாற்றிவிட்டார். மாற்றியதுதான் நன்றாக இருந்தது. அதை அவரிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் சந்தை முழுக்கச் சொல்லிவிடுவார்.

இந்த மனிதருக்குத்தான் நிமோனியா வந்தது. ஒரு தடவை அல்ல. முதல் தடவை காய்ச்சல் இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பினார்கள். "காய்ச்சலே போயிடுச்சு, அப்புறம் மாத்திரை யாருக்கு?" என்று மீதியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மறுநாளே சந்தையில் ஐஸ் தண்ணீரில் நின்றார். திரும்பவும் ஆஸ்பத்திரி. இரண்டாவது தடவை மாத்திரையை ஒழுங்காக விழுங்கினார். ஆனால் பெட்டி மேல் ஏறிக் கத்துவதை விடவில்லை. திரும்பவும் அதே வார்டு, அதே ஜன்னலோரக் கட்டில். "நிரந்தர உறுப்பினர்" என்று வாசலில் இருந்த காவலாளிக்கு இவரே தம்மை அறிமுகம் செய்துகொண்டாராம்.

வார்டிலும் வாய் சும்மா இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் சாப்பிடாமல் வைத்த ரொட்டியை ஏலம் விட்டார். மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த கட்டிலை ஏலம் விட்டார். நோயாளிகள் சிரித்து, சிரித்ததில் இருமி, இருமியதில் கட்டியிருந்த சளியெல்லாம் வெளியே வந்தது. "நான் இருந்தா உங்களுக்கு மருந்துச் செலவு மிச்சம்" என்று டாக்டரிடமே சொன்னார். டாக்டர் சிரித்தார். வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை வந்தால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது, குரல் இருக்கும், அதைத் தள்ளக் காற்று இருக்காது என்றார்.

அதற்குப் பிறகும் மைக்செட்டின் மண்டைக்குள் ஒரே நினைப்புதான். மீன்பிடித் தடைக்காலம் முடியப் போகிறது. படகுகள் கரைக்கு வரும் முதல் நாள் ஏலம் அவருடையது. வேறு யாரும் அந்தப் பெட்டி மேல் ஏறியதில்லை. அவர் மனைவி சந்தையிலேயே மீன் வெட்டுகிறவர். கத்தியைப் போலவே பேச்சும். ரப்பர் பூட்ஸை எடுத்துப் பக்கத்து வீட்டில் ஒளித்து வைத்துவிட்டார்.

"பூட்ஸ் எங்கடி?"

"அதுக்கும் நிமோனியா. அட்மிட் பண்ணியிருக்கு."

ஆஸ்பத்திரிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உயிரைக் காப்பாற்றுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் வாசல் வரைக்கும்தான் வைத்தியம். மாத்திரைப் பையையும் மூச்சுப் பயிற்சிப் பெட்டியையும் கையில் கொடுத்து, ஓடுகிற ஓட்டத்தில் நாலு வார்த்தை சொல்லி அனுப்பினால், வாசலைத் தாண்டியதும் அவரவர் பாடு. அந்த நாலு வார்த்தை சொன்னபோது மனைவி மருந்துக் கடையில் நின்றிருந்தார். மைக்செட் பக்கத்துக் கட்டிலோடு பேசிக்கொண்டே தலையாட்டியிருக்கிறார். இந்தத் தடவை அந்த ஆஸ்பத்திரிக்குப் புத்தி வந்தது. திரும்பத் திரும்ப வருகிறவர்களின் வீட்டுக்கு வார்டு நர்ஸையே அனுப்ப ஆரம்பித்தார்கள்.

நர்ஸ் வந்து உட்கார்ந்தார். "எங்க, பெட்டிய வெச்சு செஞ்சு காட்டுங்க ஐயா."

மைக்செட் பெட்டியை எடுத்தார். தலைகீழாகக் கவிழ்த்தார். ஊதினார். மூன்று பந்தும் துள்ளின. குடும்பம் கை தட்டியது. நர்ஸின் கை மட்டும் நெற்றிக்குப் போனது.

"யாரு சொல்லிக் கொடுத்தா இப்படி?"

"மச்சான்தான். ஐஸ் ஃபேக்டரி மெக்கானிக். நேரா வெச்சு ஊதினேன், பந்து அசையவே இல்ல சிஸ்டர். பழுதான பெட்டியக் கொடுத்துட்டாங்கன்னு பாத்தா, இவன்தான் கவுத்துப் போட்டுச் சரி பண்ணான்." மூலையில் நின்ற மச்சான் அடக்கமாகப் புன்னகைத்தார்.

"முதல் தடவைலேர்ந்து இப்படித்தானா?"

"தினமும். ஒரு நாள் தவறினது இல்ல."

நர்ஸுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மனைவியும் சிரிக்க ஆரம்பித்தார். "இது ஊதுறதுக்கு இல்லீங்க ஐயா, இழுக்கறதுக்கு. ஸ்ட்ரா வெச்சு உறிஞ்சுவோமே, அப்படி. நுரையீரலோட அடி வரைக்கும் காத்து போய் விரியணும். நீங்க உள்ள இருந்த காத்தையும் வெளிய அனுப்பியிருக்கீங்க."

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார் மனைவி. "இந்த மனுஷன் எதையும் உள்ள வாங்கிக்கிற ஆளே இல்ல."

நர்ஸ் பெட்டியை நிமிர்த்திக் கொடுத்தார். மைக்செட் இழுத்தார். முதல் பந்து லேசாக ஆடியது, அவ்வளவுதான். இருமல் வந்தது. இன்னொரு முறை இழுத்தார். அதே ஆட்டம். வீட்டில் சத்தம் அடங்கியது. அந்த வீட்டில் சத்தம் அடங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான். பந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், தமக்கே கேட்காத குரலில் கேட்டார்.

"சிஸ்டர், முதல் நாள் ஏலத்துக்கு நான் போலாமா?"

"போங்க. நாற்காலியில உக்காருங்க. காலை ஈரத்துல வைக்காதீங்க. மாத்திரைய மிச்சம் வைக்காதீங்க. வாயத் தொறக்காதீங்க."

"வாயத் தொறக்காம சந்தைக்குப் போறதுக்கு நான் என்ன மீனா?"

"மீன்கூட தொறந்துதான் வெச்சிருக்கும். நீங்க மூடணும். இல்லன்னா ஜன்னலோரக் கட்டில் காலியாத்தான் இருக்கு."

அன்று மாலையிலிருந்து வேலை முடிந்த சுமைதூக்கிகள் நலம் விசாரிக்க வர ஆரம்பித்தார்கள். விசாரிப்பது ஒரு சாக்கு. பெட்டியைப் பார்க்கத்தான் வந்தார்கள். மைக்செட் குழாயை வாயில் வைத்து இழுப்பார். முதல் பந்து மேலே போய் ஒட்டிக்கொண்டதும் கூட்டமாகக் கத்துவார்கள்: "ஒரு தரம்!" சில நாள் கழித்து இரண்டாவது பந்தும் ஏறியது. "ரெண்டு தரம்!" மூன்றாவது மட்டும் அடியிலேயே கிடந்தது.

"அண்ணே, மூணாம் தரம் எப்பண்ணே? சரக்கு நாறிடும்ண்ணே."

மைக்செட் பதிலுக்குத் திட்ட வாயைத் திறப்பார். மனைவி உள்ளேயிருந்து தொண்டையைச் செருமுவார். வாய் மூடிக்கொள்ளும்.

முதல் நாள் வந்தது. சந்தை கழுவி விட்டதுபோல் பளபளத்தது. படகுக்காரர்கள், ஓட்டல்காரர்கள், ஐஸ் வண்டிகள், மேலே கடற்பறவைகள், எல்லாம் ஒரே இரைச்சல். உலர்ந்த இடமாகப் பார்த்து ஒரு நாற்காலி. அதில் காலுறை, கம்பளி மப்ளர், மடியில் பெட்டியோடு மைக்செட். கவிழ்த்துப் போட்ட மீன் பெட்டியின் மேல், ஒளித்து வைத்த அதே ரப்பர் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, அவர் மனைவி.

அந்த அம்மாள் கத்தவில்லை. ஒவ்வொரு ஆளாகப் பார்த்து நறுக்கினார். "என்ன தம்பி, அவ்வளவுதானா? இந்த மீன் உங்க ஓட்டலுக்கு வர வெக்கப்படுதே." சந்தை சிரித்தது. விலை ஏறியது. மச்சானுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் கூடை முடிவுக்கு வந்தது. "ஒரு தரம்" என்றார் மனைவி. நாற்காலியில் மைக்செட் குழாயை வாயில் வைத்து மெதுவாக இழுத்தார். முதல் பந்து போனது. "ரெண்டு தரம்." இரண்டாவது போனது. சுமைதூக்கிகள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள். மூணாம் தரத்தைச் சொல்லாமல் மனைவி நிறுத்தினார். ஓட்டல்காரர்களும் வாயை மூடிக்கொண்டு பெட்டியையே பார்த்தார்கள்.

மூன்றாவது பந்து நடுங்கியது. எழுந்தது. மேலே போய் ஒட்டிக்கொண்டு நின்றது.

மைக்செட் குழாயைப் பிடுங்கி எடுத்தார். கண் பளபளத்தது. நெஞ்சு நிறையக் காற்று. ஒரு கை தானாகவே காதுக்குப் பின்னால் போய் மடிந்தது. வாய் அகலத் திறந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு மனைவி பார்த்தார்.

மைக்செட் குழாயை மறுபடி வாயில் சொருகிக்கொண்டு, மனைவியை நோக்கி மூன்று விரலை உயர்த்தினார்.