உடைச்சது யாருன்னு ஒரு வரி

எங்க வேலையில ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோளாறைச் சரி பண்ணி அனுப்பினா, அது எந்தப் பழைய மாற்றத்தால வந்துச்சுன்னு கீழ ஒரு வரி எழுதணும். அந்த மாற்றத்தைத் தேடிப் பாத்தா, எழுதின ஆள் பேரு வந்து நிக்கும். உலகம் பூரா பாக்கலாம். அடுத்தவங்க பேரு வந்தப்பல்லாம் நான் சிரிச்சிருக்கேன், பொய் சொல்லக் கூடாது.

நான் கெர்னல்ல வேலை பாக்குறவ. கம்ப்யூட்டர்ல எல்லாத்துக்கும் அடியில ஓடுற மென்பொருள் அது. அது நின்னா மேல இருக்குற அத்தனையும் நிக்கும். ராமநாதபுரத்துல வாடகை வீடு, மாடியில ஒரு மேஜை, அதுதான் ஆபீஸ். போன வைகாசியில ஒரு புகார் வந்துச்சு. வெளியில இருந்து யாரும் திருட்டுத்தனமா உள்ள நுழையணும்னுகூட இல்ல. அந்த மெஷின்ல சாதாரணமா வேலை பாக்குற ஆளே, நினைவகம் தீந்துபோற நேரத்துல ஒரு ஃபைலைத் திறந்தா போதும், மொத்த மெஷினும் உறைஞ்சுரும். மவுஸ்கூட நகராது.

காரணம் கண்டுபிடிக்க அரை நாள்தான் ஆச்சு. ஒரு இடத்துல பூட்டு போடுறோம், வேலை முடிஞ்சதும் திறந்துவிடணும். நினைவகம் கிடைக்கலன்னா மட்டும் திறக்காமலே திரும்பிப் போற மாதிரி எவனோ எழுதி வச்சிருக்கான். ஒத்தக் கக்கூஸ் இருக்குற வீட்டுல, உள்ள தாழ்ப்பாளைப் போட்டுட்டு ஜன்னல் வழியா இறங்கிப் போன மாதிரி. எந்தக் கூறுகெட்டவன்டா இதுன்னு திட்டிக்கிட்டே தேடுனேன். என் பேரு வந்துச்சு.

நாலு வருசத்துக்கு முந்தி, பழைய கோடைச் சுத்தப்படுத்துறேன்னு நானே அனுப்பின மாற்றம். திறக்குற வரியை நானே அழிச்சிருந்தேன். அப்பத்தான் எங்க அய்யாவைக் கொண்டு போன ஸ்கேன் சென்டர் ஞாபகம் வந்துச்சு.

அதுக்கு முந்தின மார்கழியில, முதுகுளத்தூர் பக்கம் எங்க மிளகாத் தோட்டத்துல, என்னைப் பெத்த அய்யா மயங்கி விழுந்தாரு. ராமநாதபுரத்துக்குக் கொண்டாந்தோம். தலையில ஸ்கேன் எடுத்தாச்சு, படம் வரல. கவுண்டர்ல இருந்த பொண்ணு, "கம்ப்யூட்டர் தொங்கிருச்சுண்ணே, இப்ப வந்துரும்"னு அண்ணங்கிட்டச் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு மணி நேரம். கடைசியில மதுரைக்குக் கொண்டு போகச் சொன்னாங்க. பரமக்குடி தாண்டல, அய்யா போயிட்டாரு.

காரியம் முடிஞ்ச மறுநாளே அண்ணன் அங்க போயி, "நீ என்னத்தையோ அமுக்கித்தான் எங்கய்யாவைக் கொன்னுட்ட"ன்னு அத்தனை பேரு முன்னால அந்தப் பொண்ணைப் பாத்துக் கத்துச்சு. அந்த வாரமே அவளை வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. நானும் பக்கத்துலதான் நின்னேன். ஒரு வார்த்தை தடுக்கல.

அங்கன ஓடுனது அந்தக் கெர்னல்தானா? போய்க் கேட்டேன். அந்த மெஷினைக் கழிச்சுத் தூக்கிப் போட்டாச்சாம். இனி யாருக்கும் தெரியப் போறதில்ல. அதுதான் என்னைத் தின்னுது. ஸ்கிரீன் ஒரு நொடி நின்னாக்கூட, அய்யா மூச்சு இழுத்த சத்தம் காதுல கேக்குது. மேஜையை விட்டு எந்திரிச்சுப் போயிருவேன்.

சரி பண்ண வேண்டியது ஒரே வரிதான். உடைச்சது எதுன்னு சொல்ற கீழ்வரியை விட்டுட்டா யாரும் என்னைத் தேட மாட்டாங்க. ஆனா பழைய பதிப்பு ஓடுற மெஷின்களுக்கு எந்தத் திருத்தம் போகணும்னு அந்த வரியைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாங்க. இன்னும் எத்தனை கவுண்டர்ல எத்தனை பொண்ணுங்களோ! எழுதினேன். ஊர் உலகத்துக்கே சொல்லியாச்சு. சொல்ல வேண்டிய ரெண்டு பேருக்குத்தான் சொல்லல.

ஆடியில அந்தக் கவுண்டர் பொண்ணு எங்க இருக்கான்னு விசாரிச்சுக்கிட்டு ஏர்வாடிக்குப் போனேன். தர்காவுக்குப் போற வழியில ஒரு ஃபேன்சி கடையில நின்னா அவ. என்னைப் பாத்ததும் முகம் செத்துப்போச்சு. "அக்கா, சத்தியமா நான் எதையும் அமுக்கலக்கா. படத்தைத்தான் திறந்தேன்"னா. ஏழெட்டு மாசமா இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பா போல.

எனக்குத் தெரிஞ்சது, தெரியாதது எல்லாத்தையும் சொன்னேன்.

"அப்ப நான் இல்லையாக்கா?"

"என் தப்பான்னு எனக்கே உறுதியாத் தெரியாது தாயி. ஆனா நீ எதை அமுக்கியிருந்தாலும் ஒரு மெஷின் அப்படி நிக்கக் கூடாது. உன் தப்பு இல்லவே இல்ல."

கொஞ்ச நேரம் வளையல் அட்டைகளை அடுக்கிக்கிட்டே இருந்தா. அப்புறம், "உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"ன்னா. இல்லைன்னேன். "அப்ப இங்கனயே சொல்லுங்க. நானும் கேக்குறேன்."

போன் போட்டேன். "சாப்ட்டியா தாயி?"ன்னு அண்ணன் கேட்டுச்சு. அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னது அத்தனையும் சொன்னேன்.

"அந்தப் புள்ள பக்கத்துல இருக்கா?"

"இருக்கா."

"குடு அதுகிட்ட."

அவ காதுல வச்சுக் கேட்டா. "ஐயோ, அழாதீங்கண்ணே"ன்னு சொல்லும்போதே அவளும் அழுதுட்டா. நான் போனை வாங்கி "அண்ணே"ன்னேன். வச்சிருச்சு. அவகிட்ட மன்னிப்புக் கேட்ட அண்ணன், என்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பேசல.