வாசல் எந்தப் பக்கம்?

நீடாமங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சென்னைக்கு வேலைக்கு வந்த எழில்மொழிக்குச் சொந்தமாக ஒரு தோள்பையும், ஊரெல்லாம் படுக்கையும் இருந்தன. தங்கியிருந்த விடுதியை உரிமையாளர் விற்றுவிட்டார். அன்றிலிருந்து இரண்டு நாள் திருவல்லிக்கேணியில் சிநேகிதி ஹலீமாவின் கட்டிலில் பாதி, இரண்டு நாள் தாம்பரத்தில் இன்னொரு சிநேகிதியின் வீட்டுக் கூடம் என்று சுற்றிக்கொண்டிருந்தாள். அம்மா அம்சத்திடம் மட்டும், "ரூம் எடுத்துட்டேம்மா, ஜன்னல்ல காத்து பிச்சிக்கிட்டு வருது" என்று அளந்துவிட்டிருந்தாள். தங்க இடமில்லை என்றால் மறு ரயிலில் ஊர் திரும்ப வேண்டும் என்பது கிளம்பும்போதே போட்ட ஒப்பந்தம்.

அம்சத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. புது வீட்டுக்குள் முதலில் அரிசிதான் போக வேண்டும் என்று சொந்த வயல் அரிசியில் ஒரு சிப்பம் கட்டி, பக்கத்து வீட்டு அண்ணாதுரையிடம் கொடுத்தனுப்பினாள்.

"இங்கயே குடுத்துட்டுப் போங்க மாமா" என்று தாம்பரம் ஸ்டேஷனில் கெஞ்சினாள் எழில்மொழி.

"வீட்டுக்குள்ள எறக்கிட்டுத்தான் வரணும்னு அக்கா சொல்லியிருக்கு."

அவரைக் களைக்க வைத்து அனுப்பிவிடலாம் என்று பஸ் மாற்றிப் பஸ் மாற்றி இழுத்தடித்தாள். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தூக்குகிற மனிதரிடம் போய் இந்த யோசனை. அவர் கைக்குழந்தையைப் போல் சிப்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊரை வேடிக்கை பார்த்தபடி வந்தார். கடைசியில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடி அவள் பையைத் திறந்தபோது போர்வை, சோப்பு டப்பா, பிரஷ், காயாத துண்டு எல்லாம் மடியில் சரிந்தன.

"இதான் வீடா?" என்றார் அண்ணாதுரை.

எழில்மொழி தலையை ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்து அம்சத்தின் போன். பெண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்று அவரே எடுத்தார்.

"எறக்கிட்டேன்க்கா. ஜன்னலோரந்தான் வச்சிருக்கேன். நல்ல காத்து."

"வாசல் எந்தப் பக்கம் பாத்திருக்கு?"

பொய் பழகாத அண்ணாதுரை பஸ்ஸின் படிக்கட்டை எட்டிப் பார்த்தார். வெயில் எந்தப் பக்கம் அடிக்கிறது என்றும் பார்த்துக்கொண்டார்.

"இப்ப கிழக்கக்கா."

"இப்பன்னா?"

கண்டக்டர் ஊதிய விசில் மறுமுனைக்கும் கேட்டது.

"போன அவகிட்ட குடு தம்பி."

இனி ஊர்தான் என்று நினைத்தபடி எழில்மொழி போனைக் காதில் வைத்தாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் அம்சம்.

"ம்."

"அரிசிய எங்கயும் எறக்க வேணாம்னு மாமாகிட்ட சொல்லு. காலையில நானே வர்றேன், சேந்து தேடுவோம். வாசல் எந்தப் பக்கம் வேணா இருக்கட்டும்டி. வீடு ஓடாம நின்னா போதும்."