ரப்பர் கணவாயும் ராத்தாவின் முகமும்

அந்த வெள்ளைத் தட்டில் கணவாய்க் கறி அப்படியே கிடந்தது. ஒரு துண்டில் மட்டும் பல் பட்டிருந்தது. உப்புவெளியில் நான் வேலை செய்யும் விடுதியில் சாப்பாடு திரும்பி வருவது புதினமில்லை. ஆனால் அந்த இங்கிலாந்துக்காரி திருப்பி அனுப்பிய தட்டுகளை அடுக்கினால் ஓர் அலுமாரி நிறைந்திருக்கும். வயதான மனிசி, தனியாக வந்து இரண்டு கிழமை தங்கினா. வெண்டிக்காய் 'ஸ்லைமி', பட்டர் பூசிய பாண் 'சாகி', கணவாய் 'ரப்பரி'. இத்தனை குறைச் சொற்களை ஒரு வாய்க்குள் எப்படித்தான் வைத்திருந்தாவோ! வரவேற்பு மேசையில் இருக்கும் எனக்கு அவவைக் கண்டாலே பத்திக்கொண்டு வரும்.

சமைத்தது ராத்தா. கிண்ணியாவிலிருந்து காலை பஸ்ஸில் வருவா. முதலாளி தொடக்கம் தோட்டக்காரன் வரை எல்லோருக்கும் அவ ராத்தாதான், மூத்த அக்கா மாதிரி. ஆங்கிலம் தெரியாது, ஆனால் வந்த குறையை மறைக்காமல் சொல்லவேண்டும் என்று நிற்பா.

"ஸ்லைமி எண்டா என்ன புள்ள?"

"வழுவழு எண்டு இருக்காம், ராத்தா."

"வழுவழுவா, கொழகொழவா? ரெண்டும் வேற."

சாகி என்றால் சொதசொத என்று சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து, மழையில் நனைந்து வரும் பாண்காரனுக்கு அதுவே பெயராயிற்று. எங்களுக்குச் சிரிப்பு அடங்காது. ராத்தாவுக்கோ குறை கேட்டுக் கோபமே வராது. "கொற சொல்றவதான் புள்ள ஒழுங்கா வாயில வச்சுப் பாத்தவ. நல்லம் நல்லம் எண்டுட்டுப் போறவன் கையில போனப் பாத்துத் திண்டவன்" என்பா. கணவாயைக் கூடுதலாக வேகவைத்தது தன் பிழைதான் என்றும் ஒத்துக்கொண்டா.

அந்த மனிசி புறப்படும் நாள் காலையில், பரிமாறும் பெடியன் வரவில்லை. ராத்தாவே தேத்தண்ணி கொண்டுபோனா. மனிசி கோப்பையை வாங்கவில்லை. ராத்தாவின் முகத்தைப் பார்த்தா, கையைப் பிடித்தா, என்னைக் கூப்பிட்டா. 'சாலோ' என்றா, 'கிளாமி' என்றா. தேத்தண்ணிக்குமா குறை என்று எனக்கு விசர் வந்தது. விளங்கவில்லை என்றேன். தன் கண்ணின் வெள்ளையைத் தொட்டு, பிறகு ராத்தாவின் கண்ணைக் காட்டினா.

அப்போதுதான் பார்த்தேன். தேங்காய்ப்பாலில் மஞ்சள் விழுந்ததுபோல் இருந்தது கண். முகமும் வெளிறி மஞ்சளித்திருந்தது, அதுதான் 'சாலோ'. தொட்டால் கை சில்லென்று, வேர்த்துப் பிசுபிசுத்தது, அதுதான் 'கிளாமி'. வருஷக்கணக்காக நாள்தோறும் பார்க்கும் முகம். கொஞ்சம் கொஞ்சமாக மாறியதால் எங்களில் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

அன்று மத்தியானமே மனிசி கொழும்புக்குப் போய்விட்டா. ஆசுபத்திரிக்குப் போங்கள் என்று எத்தனை தரம் சொல்லியும் ராத்தா அசையவில்லை. "மஞ்சள் போட்டுச் சமைக்கிறவட மொகம் வேற என்ன நெறத்துல இருக்கும்? நோன்பு முடியட்டும், பாப்பம்." ஒரு கிழமையாக நோன்பு திறக்கும்போதுகூட அவ ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பதும், உடம்பெல்லாம் கடிக்கிறது, அரிப்புத் தாங்கவில்லை என்பதும் கேட்கக் கேட்கத்தான் வெளிவந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "கணவாயில அவ சொன்னது சரி எண்டனீங்கள்தானே? முகத்தில மட்டும் பிழையோ?" என்று கத்தியேவிட்டேன்.

ராத்தா என்னைப் பார்த்தா. அடுப்பை அணைத்தா. "சரி, ஓட்டோவக் கூப்பிடு" என்றா.

பித்தக் குழாயில் கல் அடைத்துக் கிருமி ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காப்பாற்ற ஏலாமல் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னபோது, ஆசுபத்திரி வாசலில் நின்று அழுதேன்.

ராத்தா வார்டில் இருக்கும்போதே இணையத்தில் அந்த மனிசியின் கருத்து வந்தது. இரண்டு நட்சத்திரம். ரப்பர் கணவாய், வழுவழு வெண்டிக்காய், எல்லாம் வரிசையாக. முதலாளி கொதித்தார். "மன்னிப்புக் கேட்டு, இப்ப எல்லாம் திருத்தியாச்சு எண்டு வடிவாய் எழுதும்" என்றார். போனை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன். ராத்தா முழுவதையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டா. பிறகு கட்டிலில் நிமிர்ந்து இருந்தா.

"சமச்சவ உசிரோட இருக்கா எண்டு எழுது புள்ள. அவக்குத் தெரியோணும்."

அப்படியே எழுதினேன். முதலாளி வாசித்துவிட்டு, "சாப்பாட்டைப் பற்றி ஒண்டுமில்லையே!" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழிக்கச் சொல்லவில்லை.

இப்போதும் அது அங்கேயே இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் சிலர் போனை நீட்டி, இது என்ன பதில் என்று கேட்பார்கள். நான் குசினிப் பக்கம் கையைக் காட்டுவேன். உள்ளே ராத்தா யாரையாவது ஏசிக்கொண்டிருப்பா.