வைக்கோல் வைத்துத் தைத்த பெட்டி

என் தவிலை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. கச்சேரி முடிந்து பந்தியில் உட்காரும்போதுகூட அது என் முட்டியில் முட்டிக்கொண்டுதான் இருக்கும். பொண்டாட்டியைக்கூட இவன் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று எங்கள் மேளச் செட்டில் எல்லாரும் கேலி செய்வார்கள். செய்யட்டும். தவில் போனால் என் பிழைப்பு போச்சு. கேலி செய்தவனா வந்து சோறு போடப் போகிறான்?

பெரம்பலூர் தனி மாவட்டமாகி நாலைந்து வருஷம் இருக்கும். மலேசியாவில் ஒரு மாரியம்மன் கோயில் திருவிழா, பத்து நாள் வாசிக்க வேண்டும் என்று அரியலூர் நாதஸ்வரக்காரர் ஒருவர் எங்களைச் சேர்த்தார். அவரும் அவர் மச்சானும் நாதஸ்வரம். நானும் குரும்பலூர்க்காரன் ஒருவனும் தவில். அவன் என்னைவிடப் பத்து வயசு சின்னவன். நல்ல கை. அதுதான் எனக்கு ஆகாது. செட்டுக்கு வந்த இரண்டே வருஷத்தில் ஜனங்கள் என்னை விட்டுவிட்டு அவன் கையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். வாய்க்கு வாய் ‘அண்ணே, அண்ணே’ என்பான். இவ்வளவு மரியாதை எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றும்.

பயணம் முடிவானதும் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். பிளேனில் சாமானை வைக்க மாட்டார்கள், வீசுவார்கள் என்றார் ஒருவர். மேலே போகப் போகத் தோல் இறுகி வெடித்துவிடும், வாரைத் தளர்த்தி வை என்றார் நாதஸ்வரக்காரர். முழுசாகத் தளர்த்திவிட்டு அங்கே போய் நாதம் வரவில்லை என்றால் யார் மானம் போகும்? சொன்னவர் மானமா? பாதி மட்டும் தளர்த்தினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் பைக்குக்கு சீட் கவர் தைக்கும் கடையில் இரண்டு பேரும் ஒரே மாதிரி பெட்டி தைத்துக்கொண்டோம். உள்ளே பிளைவுட் வளையம், மேலே கறுப்பு ரெக்ஸின், மூடிக்கு ஜிப். தவில் உள்ளே ஆடாமல் இருக்க அவன் வீட்டில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்த கெட்டிப் போர்வை இரண்டைத் திணித்தான். நான் வைக்கோல் வைத்தேன். மண்பானையிலிருந்து முட்டை வரைக்கும் வைக்கோலில்தானே உடையாமல் வருகிறது? அதோடு, துணி என்றால் பார்த்தவன் கை அரிக்கும். வைக்கோலை எவனும் திருட மாட்டான்.

ஜிப்பை யார் வேண்டுமானாலும் இழுத்துத் திறக்கலாம். அதனால் மண்டிக்குப் போகும் பருத்தி மூட்டையைத் தைப்பதுபோல, ஜிப்புக்கு மேலேயே கோணி ஊசியால் நெருக்கிப் பின்னித் தைத்தேன். வழியில் எவனாவது மூட்டையைப் பிரித்தால் தெரியட்டும் என்று எங்கள் வீட்டில் ஒரு முடிச்சு போடுவோம். அதையும் கடைசியில் போட்டேன். திரும்பி வரும்போது தைக்க ஊசியையும் நூலையும் பெட்டியின் பக்கப் பையில் செருகினேன். சென்னை பஸ்ஸில் கண்டக்டர் எவ்வளவோ கத்தியும் பெட்டியை மேலே போட விடவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன்.

ஏர்போர்ட்டில் நாதஸ்வரக்காரர்கள் இருவரும் ஏதோ ஃபாரம் எழுதிக் கொடுக்கப் போய்விட்டார்கள். நானும் அவனும் சாமானோடு வரிசையில் நின்றோம். பாழாய்ப்போன வயிறு அப்போதுதான் கலக்கியது. பயம்தான், வேறென்ன. அவனிடம் பெட்டியை விட்டுவிட்டுப் போக மனசே வரவில்லை. நகராதே, யாரையும் தொடவிடாதே என்று நாலு தரம் சொல்லிவிட்டுப் போனேன். கக்கூஸ் எங்கே என்று கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. திரும்பி வந்தால் பெட்டிகள் இரண்டும் உள்ளே போய்விட்டன. அவன் மட்டும் நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கீழுதட்டில் கீறி ரத்தம் கசிந்திருந்தது.

“என்னடா உதட்டுல?” என்றேன்.

“ஒண்ணுமில்லண்ணே. பல்லு பட்டுருச்சு” என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிளேனில் நான் கண்ணை மூடவில்லை. ஏதோ நடந்திருக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

அங்கே கோயில் மண்டபத்தில் பெட்டியை இறக்கியதும் முதலில் தையலைத்தான் பார்த்தேன். என் தையல் இல்லை. எட்ட எட்டப் போட்ட அவசரத் தையல். எங்கள் வீட்டு முடிச்சு இல்லை. அறுத்துத் திறந்தேன். ஒரு பிடி வைக்கோல்கூட இல்லை. என் தவிலைச் சுற்றி அவன் வீட்டுப் போர்வைகள் இரண்டும் இருந்தன. பச்சையில் மஞ்சள் கரை, எனக்கு அடையாளம் தெரியாதா? எடை கூடுகிறது என்று ஏர்போர்ட்டில் சொல்லியிருப்பார்கள், தன் பாரத்தை என் பெட்டியில் திணித்துவிட்டான் என்று கணக்குப் போட்டேன். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. கோயில்காரர்கள், பூசாரி, பூக்கட்டும் பெண்கள் அத்தனை பேருக்கும் முன்னால் அவனைத் திருட்டுப்பயல் என்றேன். இன்னும் எழுதக் கூடாத வார்த்தைகளும் சொன்னேன். அவன் வாயைத் திறக்கவில்லை. தப்பு செய்யாதவன் பேசுவானே, இவன் ஏன் பேசவில்லை என்று அதையும் அவன் கணக்கிலேயே சேர்த்தேன்.

பிறகு அவன் தன் பெட்டியைத் திறந்தான். வெறும் பெட்டிக்குள் தவில் உருண்டு, வலந்தலைத் தோல் கிழிந்து, தோலை இழுத்துப் பிடிக்கும் வளையமும் விட்டுப்போயிருந்தது. தோல் மாற்ற அந்தப் பக்கத்தில் ஆள் இல்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆத்தா உடனே காட்டிவிட்டாள் என்று நினைத்தேன்.

நாதஸ்வரக்காரர் தனியாக என்னிடம் வந்தார். ஒரு வேளைப் பூசைக்கு நீ, மறுவேளைக்கு அவன் என்று உன் தவிலிலேயே மாற்றி மாற்றி வாசியுங்கள் என்று கேட்டார்.

“அவன் கை என் சாமான்ல படக் கூடாது” என்றேன்.

பத்து நாளும் அவன் தாளம் போட்டான். முதல் தடவை வெளிநாடு வந்தவன், என் பக்கத்தில் உட்கார்ந்து ஜாலராவைத் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டு ஆள் வாசிப்பை ஒரே ஆளாக வாசித்து எனக்கு மணிக்கட்டு வீங்கியது. தினமும் வாசித்து முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவான். நான் தொடவில்லை. அதில் எதைக் கலந்திருப்பானோ, யார் கண்டது?

திரும்பும்போது எனக்கு வைக்கோல் கிடைக்கவில்லை. அவன் போர்வைகளையே சுற்றி என் தவிலைக் கொண்டு வந்தேன். அவன் கேட்கவும் இல்லை. ஊருக்கு வந்த மறுவாரம் அந்தப் போர்வைகளை அவன் மூஞ்சியில் விட்டெறிய வேண்டும் என்றே டவுன் பஸ் ஏறிக் குரும்பலூர் போனேன்.

அவன் வீட்டில் இல்லை. தோல் மாற்றப் போயிருந்தான். அவன் பொண்டாட்டிதான் வாசலுக்கு வந்தாள். போர்வையைப் பார்த்ததும் இதை நீங்கள் ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள், அவரே வந்து வாங்கியிருப்பாரே என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மலேசியாவிலிருந்தே பக்கத்து வீட்டு போனுக்குக் கூப்பிட்டு அவன் அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறான். ஏர்போர்ட்டில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார்களாம். தையலைப் பார்த்துவிட்டு ஒருத்தர் கத்தியை எடுத்து ரெக்ஸினோடு கிழிக்கப் போயிருக்கிறார். கத்தி இறங்கினால் தோலில் படும் என்று இவன் கெஞ்சி, பல்லாலேயே தையலைப் பிரித்திருக்கிறான். வைக்கோல் பிளேனில் போகக் கூடாது என்று அத்தனையையும் வெளியே அள்ளச் சொல்லிவிட்டார்களாம். உள்ளே தவில் உருண்டது. தன் போர்வைகளை உருவி அதில் வைத்து, என் ஊசியாலேயே தைத்து அனுப்பியிருக்கிறான்.

“உங்ககிட்ட சொன்னா அங்கயே சண்டைக்கு நிப்பீங்க, சாமானை ஏத்தாம போயிருவாங்கன்னுதான் சொல்லலியாம். அண்ணனோடது பழைய பலாக்கட்டை, அது போனா அது மாதிரி கெடைக்காது, நம்மளுது போனா பாத்துக்கலாம்னாரு” என்றாள்.

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தனை பேருக்கு முன்னால் நான் அவனைத் திருட்டுப்பயல் என்று சொன்ன பிறகு அவன் எதைச் சொல்லியிருப்பான்? சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருப்பேனா?

அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

“நீங்க மனசு வெச்சு உங்க தவுலையே குடுத்தீங்களாமேண்ணே. பத்து நாளும் மாத்தி மாத்தி வாசிச்சோம்னு போன்ல சொன்னாரு. நீங்க யாரையும் தொடவிட மாட்டீங்கன்னு எல்லாருக்கும் தெரியும். அவருக்குக் குடுத்தீங்களே.”

அப்போதும் ஒரு நொடி, குத்திக் காட்டத்தான் இப்படிச் சொல்லி வைத்திருக்கிறானோ என்று என் புத்தி போனது. அவள் முகத்தைப் பார்த்த பிறகு அதுவும் நிற்கவில்லை. சொம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

“நல்லா வாசிச்சாராண்ணே?” என்று கேட்டாள்.

“நல்லா வாசிச்சாம்மா” என்றேன்.