எஞ்சின் பழகிய அய்யா

போன மாதம் மகள் வீட்டில் ஒரு வாக்குவாதம். பேரனின் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதக் கற்றுக்கொடுக்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் அது வேண்டுமா என்பதுதான் பேச்சு. கடை வைக்கப் போகிறவனும் வயல் பார்க்கப் போகிறவனும் அதைப் படித்து என்ன செய்ய, அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்களே என்றார் மருமகன். தெரிந்து வைத்தால் என்ன குறைந்துவிடும் என்றாள் மகள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், எனக்கு எட்டு வயதாக இருந்தபோது தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லியிருப்பேன்.

அப்போது எங்கள் கரையில் எல்லாம் பாய் கட்டின வள்ளங்கள்தான். எஞ்சின் வைத்த படகு வந்த புதிது. எங்கள் குடும்பத்துக்கு ஒன்று கிடைத்தது. அதற்காகச் சித்தப்பா மண்டபம் ஊருக்குப் போய் எஞ்சின் ஓட்டப் பழகிவிட்டு வந்தார். போகும்போது வேட்டி கட்டிக்கொண்டு போனவர், திரும்பும்போது காக்கிச் சட்டையும் கால்சட்டையும் பையில் ஒரு சீப்புமாக வந்தார். அன்று முதல் ஊரில் அவருக்கு டிரைவர் என்று பெயர்.

அய்யா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா அவருக்கு அண்ணன். காற்றும் நீரோட்டமும் பாறைத் திட்டுகளும் அய்யாவுக்கு உள்ளங்கை ரேகை மாதிரி. ஆனால் எஞ்சின் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். அது சத்தம் போட ஆரம்பித்தால் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொள்வார், பிடிக்காத சம்பந்தி வீட்டுக்கு வந்ததைப்போல.

அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. ஒருநாள் அய்யாவும் சித்தப்பாவும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது கேட்டே விட்டாள்.

"நீங்களும் அத ஓட்டப் பழகிக்கிட்டா என்ன? நடுக்கடல்ல ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய?"

"ஒரு ஒறையில ரெண்டு கத்தியா?" என்றார் அய்யா, தட்டைப் பார்த்தபடி.

சித்தப்பா சிரித்தார். "மதினி, அது எல்லாருக்கும் வாற வேலை இல்ல. படிச்சுப் பழகணும். ஆளாளுக்குக் கைய வச்சா எஞ்சின் என்னத்துக்கு ஆகும்?"

அப்படிச் சொன்ன சித்தப்பா, உண்மையில் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அது நான். தான் படித்தது மறந்துவிடக் கூடாதென்று தினமும் ஒப்பித்துப் பார்ப்பார். ஒப்பிக்கிறவருக்குக் கேட்க ஒரு ஆள் வேண்டுமே. ஆம்பளைப் பிள்ளைகளைக் கிட்டே சேர்க்க மாட்டார், நாளைக்குப் போட்டிக்கு வந்துவிடுவார்கள் என்று. கடலுக்கே போகாத பொட்டப்பிள்ளையிடம் சொன்னால் என்ன நட்டம்? மாதா கோயிலில் ஞானோபதேசக் கேள்விகள் கேட்கிற மாதிரியே கேட்பார். முதலில் என்ன? டீசல் குழாயைத் திறக்கணும். அடுத்து? தண்ணிக் குழாயைத் திறக்கணும். அடுத்து? மேலே இருக்கிற லிவரைத் தூக்கணும். அடுத்து? ஹேண்டிலை மாட்டிச் சுத்தணும், பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்கணும். அடுத்து? வேகம் பிடித்த பிறகு லிவரைக் கீழே போடணும், அதற்கு முன்னால் போட்டால் ஹேண்டில் திருப்பி அடிக்கும்.

பூசை மந்திரத்தில் தடுமாறுகிற நான் இதில் ஒரு வார்த்தை பிசகவில்லை.

கேட்டுப் படித்ததை விளையாடிப் பார்க்காமல் இருக்க முடியுமா? பூவரச மரத்தடியில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தைக் கவிழ்த்து வைத்தேன். அதுதான் எஞ்சின். இரண்டு சிரட்டைகள் குழாய்கள். ஒரு குச்சி லிவர். உடைந்த குடைக்கம்பியை வளைத்தால் ஹேண்டில். அதே மரத்தடியில்தான் அய்யா வலையின் கிழிசலைப் பொத்துவார். முதலில் கண்டுகொள்ளாமல்தான் இருந்தார். ஒருநாள் வலையை மடியில் வைத்துக்கொண்டே, "அந்தக் குச்சிய எதுக்கு ஆத்தா தூக்குற?" என்று கேட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அய்யா என்னோடு விளையாட வருகிறார்! உட்கார வைத்து முதலிலிருந்து சொன்னேன். மறுநாளும் வந்தார். கடல் பார்த்த அந்தப் பெரிய கைகளால் குடைக்கம்பியைப் பிடித்துச் சுற்றினார்.

"பெருவிரலு, அய்யா! பெருவிரலு!" என்று கத்துவேன்.

"சரி ஆத்தா, சரி. அடுத்து?"

தப்பாகப் போனால் நான் விட மாட்டேன். முதலில் இருந்து செய்யச் சொல்லுவேன். அய்யா இவ்வளவு மந்தமாக இருக்கிறாரே என்று உள்ளூர வருத்தம்தான். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே, "கோவப்படாமச் சொல்லிக் குடு" என்றாள். அத்தோடு ஒரு துண்டு கருப்பட்டியும் கிடைத்தது.

இப்படியிருக்கையில் ஒருநாள், விடியுமுன் கடலுக்குப் போன எங்கள் படகு உச்சிப்பொழுது தாண்டியும் வரவில்லை. அய்யா, சித்தப்பா, அம்மாவின் தம்பியான மாமா, மூன்று பேரும் அதில். மற்ற வள்ளங்கள் எல்லாம் கரை சேர்ந்துவிட்டன. தெற்கே இருந்து சோளகக் காற்று ஏறிக்கொண்டே வந்தது. எங்கள் கரைக்கு எதிரே கடலுக்குள் நீளமாகப் பாறைத் திட்டு உண்டு. அந்தக் காற்றில் எஞ்சின் நின்ற படகு நேராக அதில்தான் போய் மோதும். பாய் இல்லாத படகு வேறு.

கரைக்கு வந்த ஒருவர், தூரத்தில் அவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததாகச் சொன்னார்.

"எஞ்சின் படகுதானே, சொகமா வந்துரும்" என்றாள் பக்கத்து வீட்டுப் பெண்.

"எஞ்சின் தெரிஞ்சவன் ஒருத்தந்தானே இருக்கான்" என்றாள் அம்மா. "அவனுக்கு ஒண்ணுன்னா?"

முந்தானை நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். சிலர் மாதா கோயிலுக்குப் போனார்கள். அம்மா போகவில்லை. கடலைவிட்டுக் கண்ணை எடுத்தால் ஏதோ ஆகிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ. நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். காலடியில் மணல் சுட்டது. நகரத் தோன்றவில்லை.

முதலில் சத்தம்தான் வந்தது. டுப், டுப் என்று. நின்றது. மறுபடி டுப், டுப். பிறகு நிற்காமல் வந்தது. பாறைத் திட்டின் கிழக்கு முனையைச் சுற்றிக்கொண்டு படகு தெரிந்தது. அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

படகு கரை தட்டியதும் பார்த்தோம். சித்தப்பாவின் தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தது. காக்கிச் சட்டையெல்லாம் ரத்தம். எஞ்சின் பக்கத்தில் அய்யா, கரி பிடித்த கையோடு நின்றார். அவர் முகம் வேறு பக்கம் திரும்பியிருக்கவில்லை.

நடந்ததை மாமாதான் சொன்னார். வலையை ஏற்றிவிட்டு, காற்று ஏறுகிறதே என்ற அவசரத்தில் சித்தப்பா லிவரை முந்திப் போட்டுவிட்டார். ஹேண்டில் திருப்பி அடித்துத் தாடையில் விழுந்தது. ஆள் அங்கேயே சுருண்டுவிட்டார். நங்கூரம் போட்டார்கள், அது தரையில் பிடிக்கவில்லை. படகு பாறையை நோக்கி இழுபட்டது.

"பாறையில அலை ஒடையிறது தெரியுதுக்கா. முடிஞ்சுபோச்சுன்னுதான் நெனச்சேன். மச்சான் எஞ்சினுக்கு முன்னால மண்டி போட்டுட்டாரு. செபம் சொல்றாருன்னு நானும் கையக் கூப்பினேன். கிட்டப் போயிக் கேட்டா, 'டீசல் குழாயத் திற, தண்ணிக் குழாயத் திற'ங்குறாரு! முதத் தடவ ஓடல. 'தப்பாப் போச்சு, முதல்ல இருந்து'ன்னு சொல்லிக்கிட்டு மறுபடி ஆரம்பிச்சாரு. பிடிச்சுக்கிருச்சு!"

"எங்கன பழகினீங்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.

அய்யா என்னைக் கை காட்டினார்.

கரை முழுக்கச் சிரித்தது. உயிர் திரும்பி வந்த சிரிப்பு. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கோ பயம். ரகசியத்தை வெளியே விட்டதற்குச் சித்தப்பா என்ன செய்வாரோ என்று அம்மாவின் பின்னால் ஒளிந்தேன். வாய் திறக்க முடியாத சித்தப்பா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. தொலைத்துவிட்ட எதையோ தேடுகிறவர் மாதிரி இருந்தார்.

பாம்பன் ஆஸ்பத்திரியில், எலும்புக்குச் சேதமில்லை, பல்தான் போயிற்று என்றார்கள். பிழைத்தது புண்ணியம். சித்தப்பா கஞ்சியாகக் குடித்துக் கொஞ்ச நாள் கிடந்தார். யாரோடும் பேசவில்லை. வாய் ஆறிய பிறகும் பேசவில்லை. டிரைவர் என்று யாராவது கூப்பிட்டால் உள்ளே போய்விடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அய்யா அவரிடம் போனார்.

"ஏலே தம்பி, கரையில நாலு பேரு எஞ்சின் பழகணும்னு கேக்குறாங்க. சொல்லிக் குடுக்குறியா?"

"உங்களுக்குத்தான் தெரியுமே" என்றார் சித்தப்பா.

"எனக்கு என்ன தெரியும்? அன்னிக்கு மாதா கைகுடுத்தா. ஏன் அப்படி ஓடுதுன்னு எனக்கு வெளங்கல. நீ சொல்லு. நானும் வாரேன்."

சித்தப்பா வெகுநேரம் சீப்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து காக்கிச் சட்டையை மாட்டினார்.

கரையில் இழுத்து வைத்திருந்த படகைச் சுற்றிக் கூட்டம் கூடியது. பல் போன இடத்தில் காற்று போனாலும் சித்தப்பா நன்றாகத்தான் சொன்னார். குழாயைத் திறந்தால் டீசல் எங்கே போகிறது, லிவரைத் தூக்கினால் உள்ளே என்ன ஆகிறது என்று எனக்குச் சொல்லாததையெல்லாம் சொன்னார். தன் அவசரத்தையும் மறைக்காமல் சொன்னார். தண்ணீர்க் குடத்தோடு வந்த அம்மாவும் நின்று கேட்டாள். முன்வரிசையில், தம்பிக்கு எதிரே, அய்யா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"டீசல் குழாயத் தொறந்தாச்சு. அடுத்து என்ன? அண்ணே, நீங்க சொல்லுங்க."

அய்யா நெற்றியைச் சொறிந்தார். "ஹேண்டில மாட்டணும்" என்றார்.

கூட்டம் சிரித்தது. சித்தப்பாவும் சிரித்தார், அடிபட்ட பிறகு முதல் தடவையாக. "அவசரப்படாதீங்கண்ணே. தண்ணிக் குழா இருக்குல்ல?" என்று, அய்யாவின் கையைப் பிடித்துக் காட்டினார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அய்யாவுக்குத் தெரியும்!" என்று கத்த வாயெடுத்தேன். அம்மா என் வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னேன், அய்யாவுக்கு மறதி வந்துவிட்டது, நான் அவ்வளவு கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்தும் எல்லாம் போய்விட்டது என்று.

"ஆமா புள்ள, ஒங்க அய்யாவுக்கு மறதி சாஸ்திதான்" என்றாள் அம்மா. குழம்புச் சட்டியில் துழாவி, இருப்பதிலேயே பெரிய துண்டு மீனை எடுத்து அய்யாவின் தட்டில் வைத்தாள்.

ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லாத எனக்கு வால் துண்டு. எல்லாவற்றையும் மறந்துவிட்டு வந்தவருக்கு நடுத்துண்டா என்று நான் அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டேன்.