சாம்பலில் காய்ந்த கிளிஞ்சல்கள்

அத்தை வீட்டில் கக்கூஸ் குழி தோண்டியபோதுதான் அந்தக் கிளிஞ்சல்கள் வெளியே வந்தன. பழவேற்காட்டில் பழைய கோட்டை இருந்த மேட்டை ஒட்டி எங்கே தோண்டினாலும் டச்சுக்காரர்கள் விட்டுப்போன ஏதாவது ஒன்று கடப்பாரையில் தட்டுப்படும். பெரும்பாலும் செங்கல். நம் செங்கல்லைவிட மெல்லியது. அன்று இடுப்பளவு ஆழத்தில் அப்படி ஒரு செங்கல் வரிசை வந்தது. அதைப் பெயர்த்ததும் அடியில் மட்டிக் கிளிஞ்சல் ஒரு முழத்துக்குக் குவிந்து கிடந்தது. யாரோ தின்றுவிட்டுக் கொட்டியவை. செங்கல்லுக்குக் கீழே கிடந்ததால், அது பதிக்கப்படுவதற்கு முன்பே அவை ஏரியிலிருந்து வந்திருக்க வேண்டும்.

விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த நான் குழிக்குள் இறங்கிவிட்டேன். சாக்கில் அள்ளிப் போடுவதைப் பார்த்த அத்தை தலையில் கை வைத்தாள்.

"இன்னாடி இது, குப்பையைப் போய் மூட்டை கட்டுறே? இதுக்கா உன்னை மெட்ராஸுக்கு அனுப்பிப் படிக்க வெச்சுது?"

"இதான் அத்தை என் படிப்பே."

"நல்லா படிச்சே போ. டச்சுக்காரன் எச்சிலைப் பொறுக்கறதுக்கு ஒரு படிப்பு."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைக் கேட்டவர்களிடமும் சொல்வேன், கேட்காதவர்களிடமும் சொல்வேன். அம்மா பறி என்னும் ஓலைக் கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே துழாவி இறால் பிடிப்பவள். அவள் மகள் இன்று இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறாள். ஆராய்ச்சியும் அதே ஏரியைப் பற்றித்தான்.

மட்டி வளரும்போது அதன் ஓடு வரிவரியாகத் தடிக்கிறது. ஒவ்வொரு வரியிலும் அந்தந்த மாதத்துத் தண்ணீரின் ஆக்சிஜன் அடைபட்டுவிடுகிறது. ஆக்சிஜனில் லேசானதும் உண்டு, கனமானதும் உண்டு. வெயிலில் ஏரி வற்றும்போது லேசானது முதலில் ஆவியாகிப் போகும், கனமானது தங்கும். மழையும் ஆறும் கொண்டுவரும் நல்ல தண்ணீரில் லேசானது அதிகம். ஒரு வரியைச் சுரண்டி, அந்தத் தூளில் இரண்டும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்தால், அந்த மட்டி வாழ்ந்தபோது ஏரி எவ்வளவு உப்புக் கரித்தது என்று சொல்லிவிடலாம். டச்சுக்காரர் காலத்து ஏரி எப்படி இருந்தது என்று யாரும் அளந்து வைக்கவில்லை. என் சாக்கில் அது இருந்தது.

அது மழைக்காலம். ஈரச் சாக்கோடு பஸ்ஸில் ஏற முடியாமல், அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் நைனா கொண்டுவந்து கொடுத்தார். கிளிஞ்சல்கள் சுத்தமாக, கலகலவென்று காய்ந்திருந்தன. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

நல்லதாகச் சிலவற்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் இரண்டாக அறுத்தேன். ஒரு பாதியை வரிவரியாகச் சுரண்டித் தூளை அளக்க அனுப்பினேன். மறு பாதியை எடுத்து வைத்தேன். முடிவுகள் வந்தபோது எல்லாமே நான் நினைத்ததைவிட மிக லேசாக இருந்தன. இன்றைய ஏரியில் எடுத்த மட்டியின் எண்களுக்குப் பக்கத்தில்கூட அவை வரவில்லை. கோடையிலும் ஏரியில் நல்ல தண்ணீர் நிறைந்திருந்தது என்று அந்த எண்கள் சொல்லின. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்படியே மேடத்திடம் கொண்டு போனேன். என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை அவர்.

அவர் எண்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"உங்க ஊர்ல கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு பண்ணுவாங்க இல்ல?"

"ஆமாம் மேடம்."

"சூடுபட்ட ஓட்டுலயும் எண் இப்படித்தான் லேசாகும். இது ஏரி சொல்ற கதையா, நெருப்பு சொல்ற கதையான்னு எனக்குத் தெரியணும். இது யார் கையிலெல்லாம் போச்சுன்னு விசாரி. தெளிவா நிரூபிக்க முடியலைன்னா ஆய்வேட்டுல இந்த அத்தியாயம் வேண்டாம்."

அந்த அத்தியாயம்தான் என் ஆய்வேடு. மற்றதெல்லாம் அதற்கு முன்னுரை மாதிரி. அது போனால் வேறு இடம் தேடி, வேறு கிளிஞ்சல் தேடி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். உதவித்தொகை அதுவரை தாங்காது. வராந்தாவில் நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"யம்மா, நான் வெச்சுட்டு வந்த கிளிஞ்சலை இன்னா பண்ணே?"

"இன்னா பண்றது? நைனா கையில குடுத்தனுப்பினேனே. வந்து சேரலையா?"

"வந்துச்சு. அதுக்கு முன்னாடி இன்னா பண்ணே?"

"சேறா இருந்துச்சு, கழுவினேன். மழை உட்டாத்தானே வெயில்ல போட. அடுப்புச் சாம்பல்ல பொதைச்சு வெச்சேன். நல்லா காஞ்சுச்சே!"

எங்கள் பக்கத்தில் மழைக்காலத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஈரக் கிளிஞ்சலைச் சுண்ணாம்புக்காரர் தொடமாட்டார். அதனால் சமைத்து முடித்த அடுப்பில், வெதுவெதுப்பான சாம்பலில் அதைப் புதைத்து வைப்பார்கள். அம்மாவுக்குக் கிளிஞ்சல் மூட்டை என்றால் அது சுண்ணாம்புக்காரருக்குப் போகிற மூட்டை.

"சாம்பல்ல நெருப்பு இருந்துச்சா?"

"அடியில கங்கு கெடந்திருக்கும். கெளறியா பாத்தேன்? ஏன்டி?"

பக்கத்தில் அத்தை குரல் கேட்டது. "இன்னாவாம்? டச்சுக்காரன் ஓட்டைத் திருப்பிக் கேக்கறானாமா?"

"நீ சும்மா இரு அண்ணி." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "கெட்டுப் போச்சா கண்ணு? என்னால உன் படிப்பு போச்சா?"

"தெரியலம்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

எடுத்து வைத்திருந்த மறுபாதிகள்தான் மிச்சமிருந்த ஒரே வழி. மட்டி ஓடு அரகனைட் என்னும் படிகத்தால் ஆனது. நன்றாகச் சுட்டால் அது கால்சைட்டாக மாறிவிடும். பொருள் ஒன்றுதான், உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்ட விதம் வேறு. கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. ஒளிக்கு மட்டும் அவை வேறு வேறு. ஓட்டை ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, நுண்ணோக்கியில் ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்த இரண்டு ஒளிவடிகட்டிகளுக்கு நடுவே வைக்க வேண்டும். நடுவில் எதுவும் இல்லையென்றால் வெறும் இருட்டு. படிகம் இருந்தால் அது ஒளியைத் திருப்பி அந்த இருட்டில் பளிச்சென்று தெரியும். ஓடு வைத்த வட்ட மேடையைச் சுழற்றச் சுழற்ற அந்த ஒளி அணையும், எரியும்.

நெருப்பில் சுட்ட ஓடு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். இன்றைய மட்டி ஓடு ஒன்றை ஆய்வகத்து உலையில் நானே சுட்டேன். தேய்த்துப் பார்த்தபோது பழைய அமைப்பு எதுவும் இல்லை. உப்பைக் கொட்டிவிட்டது போலத் தனித்தனிப் பொடிகள், ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு மினுக்கியது. சுடாத ஓட்டில் அப்படி இல்லை. பட்டை பட்டையாக, ஒன்றுக்கு ஒன்று குறுக்காக, பனையோலையில் பின்னிய பறி மாதிரி இருந்தது. சுழற்றினால் ஒரு பட்டை அணையும்போது பக்கத்துப் பட்டை எரியும்.

பிறகு குழியிலிருந்து வந்தவற்றைத் தேய்க்கத் தொடங்கினேன். ஒன்று தேய்க்கவே பாதி நாள் ஆகிறது. அவசரப்பட்டால் ஓடு, அதை ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டிலிருந்து உதிர்ந்துவிடும். ஒவ்வொரு கிளிஞ்சலுக்கும் மறு பாதி ஒன்றுதான் இருந்தது, இன்னொன்று கிடையாது. முதல் ஓட்டை மேடையில் வைத்தபோது கண்ணை ஒட்டாமல் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு பார்த்தேன்.

பின்னல் இருந்தது. ஒரு இழை கலையவில்லை.

அடுத்ததிலும் இருந்தது. அதற்கடுத்தது உப்புப் பொடி. அது கங்குமேல் கிடந்ததாக இருக்க வேண்டும். அந்த ஓட்டின் எண்களை எடுத்துப் பார்த்தேன். எல்லா எண்களுமே லேசானவை என்று பதறியதில், அது மட்டும் மற்றவற்றைவிட இன்னும் லேசாக விலகி நின்றதை நான் கவனிக்கவே இல்லை. மீதியிருந்தவை எல்லாவற்றிலும் பின்னல் அப்படியே இருந்தது. அவை வெதுவெதுப்பில் காய்ந்திருந்தன, அவ்வளவுதான்.

மேடம் நுண்ணோக்கியில் குனிந்தவர் நிமிரவே இல்லை. மேடையைச் சுழற்றிக்கொண்டே இருந்தார்.

"கெட்டதை எடுத்துடு. எடுத்த காரணத்தையும் எழுது," என்றார். "அத்தியாயம் இருக்கட்டும். நெருப்பு இல்ல, இது உங்க ஏரிதான்."

கால் தரையில் நிற்கவில்லை. படிக்கட்டிலேயே உட்கார்ந்து போன் செய்தேன். அத்தைதான் எடுத்தாள்.

"நல்ல சேதியா, கெட்ட சேதியா? மொதல்ல எங்கிட்ட சொல்லு. உங்கம்மா அன்னிலேர்ந்து ஏரிக்கும் போவல, ஒழுங்கா ஒரு வாய் துன்னவும் இல்ல. அடுப்பை மொறைச்சுப் பாத்துக்கினே உக்காந்துகினு கெடக்கா."

"நல்ல சேதிதான் அத்தை. அம்மாகிட்ட குடு."

போன் அம்மா கைக்குப் போனது.

"ஒண்ணுதாம்மா எரிஞ்சுது. மத்ததெல்லாம் நல்லாருக்கு. படிப்பு எங்கேயும் போகலை."

"நெசமாவா? எனக்காகச் சொல்லலியே?"

"கண்ணால பாத்தேன்மா. மேடமும் பாத்தாங்க."

"இனிமே உம் மூட்டையை நான் தொட மாட்டேன் சாமி," என்றாள் அம்மா. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. பிறகு போனை வாயிலிருந்து விலக்கிக் கத்தியது கேட்டது. "அண்ணி, அந்தக் கொழம்பைச் சூடு பண்ணு, பசிக்குது!"