அம்மா மடியில் கார்க் கண்ணாடி

அம்மாவின் மடியில் எனக்கு முன்பே இடம் பிடித்தது ஒரு கார்க் கண்ணாடி. நாற்பத்தேழு வயதாகியும் எனக்கு அந்தப் பொறாமை தீரவில்லை.

என் அப்பா சிவபாதசுந்தரம் துறைமுகத்தில் கிரேன்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். எழுபத்து நான்கில், நாட்டை விட்டுப் போன ஒரு தோட்டத் துரையிடம் லோட்டஸ் எலீட் கார் ஒன்றை வாங்கி வெள்ளவத்தைக்குக் கொண்டு வந்தார். இரண்டே இரண்டு இருக்கை. வீட்டுக்கு வருகிறவர்கள் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அதன் வரலாறு முழுவதையும் கேட்டாக வேண்டும். ஐம்பத்தேழில் லண்டன் கண்காட்சியில் அறிமுகமானது, மொத்தமே ஆயிரம் அளவில்தான் செய்தார்கள், இயந்திரத்தின் பூர்வீகம் தீயணைப்புப் பம்ப், கீழே தனி அடிச்சட்டம் கிடையாது, பைபர் உடம்பே பாரத்தையெல்லாம் தாங்குகிறது. எங்கள் ஒழுங்கையில் எல்லார் வீட்டு இரும்புக் கேட்டும் கடற்காற்றில் துருவேறி உதிர்ந்தபோது அப்பாவின் கார் மட்டும் பளபளவென்று நின்றது.

அதில் ஒரேயொரு வில்லங்கம். கதவின் வளைவினால் கண்ணாடி கீழே இறங்காது. காற்று வேண்டுமென்றால் கழற்றித்தான் எடுக்க வேண்டும். அதை வைக்க இருக்கைக்குப் பின்னால் ஒரு பை இருந்தது, ஆனால் கீறல் விழுமென்று அப்பா அந்தப் பையை நம்பவில்லை. அம்மா கனகேஸ்வரியை நம்பினார். ஞாயிறுதோறும் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் புறப்படும்போது, தன் பக்கத்தை மூடியபடி விட்டுவிட்டு அம்மாவின் பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றி நீட்டுவார். அம்மா மடியில் பழைய சேலைத் துண்டை விரித்து வாங்கிக்கொள்வார். அப்பா வேர்த்து வழிவார், அம்மாவுக்குக் காற்று வரும். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் அப்பா காரை ஓட்டுவதை நிறுத்திவிட்டார். முன்பக்கத்தில், பைபருக்குள் புதைந்து ஒரு இரும்புச் சட்டம் இருக்கிறது. இயந்திரமும் முன்சில்லுகளும் அதைப் பிடித்துத்தான் நிற்கின்றன. வெளியிலிருந்து பார்க்க முடியாது. கடலோரத்து இரும்பு எப்படிப் போகுமென்று முப்பது வருடம் பார்த்த மனிதர், பார்க்க முடியாத இரும்பை நம்பமாட்டார்.

போன வருடம் அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. ஒருநாள் படுக்கையிலிருந்து கேட்டார்.

"இஞ்சேருங்கோ, ஒருக்கா என்னை அந்தக் காரில கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோவன்."

"உள்ளுக்கு இரும்பு போயிருக்கும், கனகேஸ். உம்மை வச்சுக்கொண்டு நான் அதை ஓட்டமாட்டன். வாடகைக்கு ஒரு வான் பிடிப்பம்."

"வான் வேண்டாம்."

தெஹிவளையில் பைபர் படகுகள் திருத்தும் ஷிராஸை நான் கூட்டி வந்தேன். பைபரை உள்ளங்கை அளவு வெட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார். அப்பா சம்மதிக்கவில்லை. செய்த நாள்முதல் யாரும் கைவைக்காத உடம்பாம்.

"அம்மாவை விட உங்களுக்கு அந்தப் பைபர் பெருசோ?" என்று கத்தினேன்.

அன்று பின்னேரம் அம்மா, "அப்ப கண்ணாடியையாவது தாங்கோ" என்றார். அப்பா அதைக் கழற்றிக் கொண்டுவந்து, அம்மாவை நிமிர்த்தி இருத்தி, மடியில் வைத்தார். அம்மா அரை மணித்தியாலம் அதைப் பிடித்தபடி, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அப்பா தானாகவே ஷிராஸுக்குப் போன் எடுத்தார். வந்ததும், "வெட்டிப் பாரும் தம்பி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஷிராஸ் வெட்டினார். டோர்ச் அடித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இரும்பு அப்படியே இரிக்கி. துரு ஒண்ணும் இல்ல. அங்கிள்ட்ட என்ன சொல்ற?"

நானும் குனிந்து பார்த்தேன். பூசிய கறுப்புப் பெயின்ட் கூட உரியவில்லை. அம்மா போய் வந்திருக்கலாம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஒரு மாதத்துக்கு முன்பென்றால் நேரே போய் அப்பாவின் முகத்துக்கு முன்னால் சொல்லியிருப்பேன். கதவால் எட்டிப் பார்த்தேன். அப்பா கதிரையில் இருந்தபடி அந்தச் சேலைத் துண்டை மடிப்பதும் விரிப்பதும் திரும்ப மடிப்பதுமாக இருந்தார்.

"துருப்பிடிச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

அப்பா வெளியே வந்தபோது ஷிராஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "சரியான துரு, அங்கிள். ஓட்டியிருந்தா ஆபத்துத்தான்" என்றார்.

அப்பா குனிந்து அந்த ஓட்டைக்குள் இரண்டு விரலை விட்டார். அவர் அப்படிச் செய்வாரென்று நான் யோசிக்கவேயில்லை. சட்டத்தின் ஓரமாக, கிரேன் சோதிக்கிறவர் போலவே, அங்குலம் அங்குலமாகத் தடவினார். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஓம் பிள்ளை. நல்லாத் துருப்பிடிச்சிருக்கு. கொண்டு போகாதது நல்லது."

நான் துணியை நீட்டினேன். அவர் விரல்களைத் துடைத்துத் தந்த துணியில் வெள்ளைப் பைபர் தூள் மட்டும்தான் இருந்தது.